மர அலமாரியின் துர்நாற்றம்: காரணமும் பரிகாரமும்

சீர்வரிசையில் வந்த புதிய அலமாரியைத் திறந்தவுடன் கண் எரிகின்றது. காரமான நெடி மூக்கில் ஏறுகின்றது. பழைய மேசையின் இழுப்பறையிலோ பூஞ்சண வாடை. தேக்கும் ஈட்டியும் வாங்க வல்லவர்களுக்கு இத்தொல்லை குறைவு. தவணையில் மலிவான மரச்சாமான் வாங்கும் நம்மனோர்க்கே இது வாய்த்த பங்கு. அதிலும் வெம்பாக்கம், செய்யாறு, ஆரணி வட்டாரத்து நெசவுக் குடும்பங்களில் முகூர்த்தப் பட்டும், பச்சிளங் குழந்தையின் துணியும் அதே அலமாரிக்குள்தான் இருக்கின்றன.

புதிய சாமானின் நெடிக்குப் பெரும்பாலும் பசையே காரணம். மரத்தூளையும் சிராய்களையும் பசையிட்டு அழுத்திய துகள் பலகையாலேயே இன்றைய மலிவான அலமாரிகள் பல செய்யப்படுகின்றன. கடைக்காரர் ‘பார்ட்டிக்கிள் போர்டு’ என்பது இதனையே. யூரியாவும் பார்மால்டிஹைடும் சேர்ந்த அப்பசை, வெப்பமும் ஈரமும் படப்படச் சிதைந்து பார்மால்டிஹைடு வாயுவைக் கக்கும். ஆகவேதான் சித்திரை வெயிலிலும் ஐப்பசி அடைமழையிலும் நெடி மிகுகின்றது. இவ்வாயுவை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களுள் ஒன்றாக, உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. வீட்டுக் காற்றில் ஒரு கனமீட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இது இருத்தலாகாது என்பது 2010-இல் அந்நிறுவனம் விதித்த வரம்பு. இதைக் கேட்டு அலமாரியைத் தெருவில் எறிய வேண்டுவதில்லை. நாள் செல்லச் செல்ல வாயு குறையும். அதை விரைவுபடுத்துவதும் நம் கையில் உள்ளது.

வாங்கியவுடன் துணிகளை அடுக்காதீர்கள். கதவுகளையும் இழுப்பறைகளையும் திறந்து, சன்னலுள்ள அறையில் சில வாரங்களேனும் காற்றாட விடுங்கள். குழந்தையும் ஆஸ்துமா நோயாளியும் அவ்வறையில் உறங்க வேண்டா. பின்னர்ப் பலகையின் வெட்டு விளிம்புகளையும், பின்புறத்தையும், இழுப்பறையின் அடிப்பாகத்தையும் பாருங்கள். முன்புறம் கண்ணாடி போல் மின்ன, இவ்விடங்கள் மட்டும் பூச்சின்றி அம்மணமாய் நிற்கும். வாயு மிகுதியாய்க் கசிவது இங்கேதான். அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் தச்சர்கள் பூசும் பாலிஷை இரண்டு, மூன்று முறை பூசினால் கசிவு பெரிதும் அடங்கும். அவ்வேளையில் அடுப்போ விளக்கோ அருகில் எரியலாகாது. சாம்பிராணியும் ஊதுவத்தியும் நாற்றத்தை மறைக்குமேயன்றிப் போக்கா. புகை ஒன்று கூடுவதே மிச்சம்.

பழைய சாமானின் பூஞ்சண நாற்றம் வேறு வகை. ஈரச்சுவரை ஒட்டி நிறுத்துவதே இதற்கு மூலம். லேவியர் நூலின் 14-ஆம் அதிகாரத்தில், பூசணம் பற்றிய வீட்டைக் குரு வந்து சோதிக்கும் முன் உள்ளிருக்கும் சாமான்களை வெளியேற்றச் சொல்லியிருப்பதைப் படித்திருப்பீர்கள். முதலில் காலி செய், பிறகு சுரண்டு என்னும் அந்த முறை இன்றைக்கும் பொருந்துகிறது. அலமாரியைக் காலி செய்து, பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். உலர்ந்த துடைப்பத்தால் தட்டினால் அதன் தூள் வீடெங்கும் பறக்கும். பிறகு வினிகரும் நீரும் சமமாய்க் கலந்து பிழிந்த துணியால் துடைத்து, நன்கு உலர்த்துக. பிளீச்சிங் பவுடரோடு வினிகரை ஒருபோதும் சேர்க்கலாகாது. நச்சான குளோரின் வாயு எழும். மரச்சட்டங்களை இளங்காலை வெயிலில் வைக்கலாம். உச்சி வெயிலில் வெடிக்கும். துகள் பலகையை நீரூற்றிக் கழுவினால் உப்பிப் பாழாகும். எஞ்சிய வாடைக்கு, அகன்ற தட்டில் அடுப்புக் கரியையோ சமையல் சோடாவையோ பரப்பி உள்ளே வைத்துச் சில நாட்கள் மூடி வைக்கலாம். சுவருக்கும் அலமாரிக்கும் இடையே நான்கு விரற்கடை இடைவெளியும், கால்களுக்கு அடியில் கட்டைகளும் இருந்தால் நோய் திரும்புவது அரிது.

இனி அந்துருண்டையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நாற்றத்துக்கும் பூச்சிக்கும் ஒரே மருந்தென்று கைநிறைய அள்ளிப் போடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. வெண்ணிற அந்துருண்டைகளுள் பல நாப்தலீன் என்னும் பொருளால் ஆனவை. அது ஆவியாகித் துணியில் படியும். ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகள் உண்டு. பார்வைக்கு அவர்களை வேறுபடுத்தி அறிய இயலாது. அந்துருண்டையிட்ட பெட்டியிலிருந்து எடுத்த துணியைத் துவைக்காமல் அத்தகைய சிசுவுக்குப் போர்த்தினால், இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து, கடும் மஞ்சள் காமாலை உண்டாகலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். திருமுழுக்குக்கென்று பாட்டியார் பெட்டியிலிருந்து ஆசையோடு எடுத்துத் தரும் வெள்ளாடையை எண்ணிப் பாருங்கள்! அதனைத் துவைத்து, நெடி முற்றும் நீங்கும்வரை வெயிலில் உலர்த்திய பின்னரே அணிவிக்க வேண்டும். குழந்தையின் கண்ணும் தோலும் மஞ்சளித்து, சிறுநீர் கருத்து, பால் குடிக்க மறுத்தால் கைமருந்தில் நேரம் போக்காது மருத்துவமனைக்கு விரையுங்கள். குழந்தையுள்ள வீட்டில் அந்துருண்டை அறவே வேண்டா என்பதே என் கருத்து. அதற்கு மாற்றாகக் கருதப்படும் சூடமும் விழுங்கினால் வலிப்பை உண்டாக்கும் நஞ்சு. சிறுவர் கைக்கு எட்டலாகாது.

பட்டுக்கும் அந்துருண்டை இன்றியமையாததன்று. வியர்வையும் உணவுக் கறையும் படிந்த பட்டையே பூச்சி முதலில் நாடும். உடுத்திய சேலையை நிழலில் காற்றாடவிட்டு, கறை போக்கி, துவைத்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். மூன்று, நான்கு மாதங்களுக்கு ஒருமுறை பிரித்து மடிப்பை மாற்றுங்கள். இல்லையேல் மடிப்பு வழியே இழை அறும். பூச்சற்ற பலகையின்மேல் பட்டை நேரே வைக்கலாகாது; மரத்திலிருந்தும் அமிலம் கசியும். வெள்ளிச் சரிகை ஈரத்தாலும் கந்தகம் கலந்த காற்றாலும் கருக்கும். நம் ஆலயங்களில் சரிகையிட்ட திருவுடைகளை வைக்கும் அலமாரிகளுக்கும் இவை யாவும் பொருந்தும். அங்கே மெழுகு வாடையும் சேர்ந்து, யாரும் திறந்து பார்க்காத இழுப்பறைகளும் உண்டு.

அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது, மெருகைத் தடவிப் பார்ப்பதோடு நில்லாமல், இழுப்பறையைத் திறந்து முகத்தை உள்ளே நீட்டி மோந்து பாருங்கள். கண் கரித்தால் வேறொன்றைக் காட்டச் சொல்லுங்கள். பலகை பார்மால்டிஹைடு குறைந்த ‘இ-1’ தரத்ததா என்றும் கேளுங்கள். கடைக்காரர் விழித்தால், பூசிய பழைய மரத்தாலான பீரோ எங்கே விலைக்கு வருகிறதென்று ஊர்த் தச்சரிடம் விசாரிப்பது நலம். அதன் நெடி என்றோ போயிருக்கும், விலையும் குறைவாயிருக்கும்.