எழுதுகோலும் தூரிகையும்

தேசத் தொண்டில் ஈடுபட்ட நமது நண்பர் ஒருவர் சில தினங்களுக்கு முன் நம்மைக் காண வந்திருந்தார். நமது மேஜையின்மீது ரவீந்திரநாத டாகுரின் சித்திரங்கள் அடங்கிய புத்தகமொன்று திறந்து கிடந்தது. அதை இரண்டு மூன்று ஏடுகள் புரட்டிப் பார்த்த நண்பர், "மகாகவி கவிதையோடு நின்றிருக்கலாகாதா? அறுபது வயதுக்குமேல் இந்த விளையாட்டு எதற்கு? போகட்டும், இதைப்பற்றி எழுத உமக்கு எப்படி ஐயா போது கிடைக்கிறது? நாட்டில் வேறு வேலையே இல்லையா?" என்றார்.

நண்பர் கேட்டவை இரண்டு கேள்விகள். ஒரு கலையில் தேர்ந்தவன் மற்றொரு கலையில் கை வைப்பது தகுமா என்பது ஒன்று. தகுமென்றே கொண்டாலும், அது பொதுஜனங்கள் கவனிக்கத்தக்க விஷயமா என்பது மற்றொன்று. இவை வெவ்வேறு வழக்குகள். இரண்டையும் ஒன்றாய்க் கலந்து குழப்புவது நியாயமாகாது. முதல் வழக்கை முதலில் விசாரிப்போம்.

டாகுர் சித்திரக்காரரான வரலாறு விநோதமானது. இளமையிலேயே அவருக்கு அதில் ஆசையிருந்தது, கைதான் வசப்படவில்லை. 1900-ம் வருஷத்தில் தம் நண்பர் ஜகதீச சந்திர போஸுக்கு எழுதிய கடிதமொன்றில், தாம் சித்திரம் வரைந்து பழகுவதையும், அதில் பென்சிலைவிட அழிக்கும் ரப்பருக்கே வேலை அதிகமாயிருப்பதையும் தம்மைத் தாமே நகையாடி எழுதியிருக்கிறார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தொன்பது. அதன்பின் பல்லாண்டுகள் அந்த ஆசை உறங்கிக் கிடந்தது.

1924-ல் பெரு தேசத்துக்குப் பிரயாணமாகச் சென்றவர் வழியிலே நோயுற்று, அர்ஜென்டினாவில் போனஸ் ஐரிஸ் நகருக்கு அருகே தங்க நேர்ந்தது. அங்கே அவரை உபசரித்தவர் விக்டோரியா ஓகாம்போ என்ற எழுத்தாளர். கவி அப்பொழுது எழுதிவந்த பாடல்களின் கைப்பிரதியை அந்த அம்மையார் பார்த்தார். வேண்டாமென்று அடித்துத் தள்ளிய சொற்களைக் கவி வெறுமனே விட்டுவிடவில்லை. அடித்த கோட்டையும் அடுத்த கோட்டையும் இணைத்து, வளைத்து, நிரப்பி, பறவையாகவும் விலங்காகவும் மனித முகமாகவும் ஆக்கியிருந்தார். கவிதையிலிருந்து தள்ளப்பட்ட சொற்கள் சித்திரத்தில் புகலிடம் பெற்றன. அந்தப் பாடல்களே 'பூரபி' என்ற நூலாக 1925-ல் வெளிவந்தன.

1928 முதல் அவர் தனித் தாளில் வரையலானார். ஆசிரியரிடம் முறைப்படி பயின்றவரல்லர். மையைப் பேனாவாலும் தூரிகையாலும், சில வேளைகளில் துணியாலும் விரலாலுமே பூசினார். பல படங்களுக்குப் பெயரும் இடவில்லை. நோபல் பரிசு பெற்ற கவி, தம் சித்திரத்தை விளக்க ஒரு சொல்லும் தர மறுத்துவிட்டார்! 1930-ல் ஓகாம்போ அம்மையாரின் முயற்சியால் பாரிஸ் நகரில் அவருடைய முதல் காட்சி நடைபெற்றது. அதே வருஷத்தில் பர்மிங்ஹாம், பெர்லின், கோப்பன்ஹேகன், மாஸ்கோ முதலிய நகரங்களும் அவற்றைக் கண்டன. 1941-ல் அவர் மறையும்பொழுது எஞ்சியிருந்த சித்திரங்கள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவை. பொழுதுபோக்குக்காக ஒருவர் இரண்டாயிரம் சித்திரம் வரைவாரென்று நண்பர் கருதுகிறாரா?

அந்தச் சித்திரங்களை ஊன்றிப் பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை விளங்கும். பாடல்களில் நாம் அறிந்த டாகுர் அமைதியும் இனிமையும் உடையவர், ஒளியைப் பாடியவர். சித்திரங்களிலோ இருளடர்ந்த முகங்கள், துயரம் தேங்கிய பெண்களின் கண்கள், எந்தக் காட்டிலும் காணப்படாத விலங்குகள். ஆயிரக்கணக்கான பாடல்களில் சொல்லாத ஒன்று அவர் உள்ளத்தில் மிச்சமிருந்தது. மொழியில் அளவற்ற தேர்ச்சியே அதற்குத் தடையாயிற்று போலும். எதைச் சொல்ல வாயெடுத்தாலும் அழகாகவே வந்துவிடும் நாவுடையவன், அழகற்றதைச் சொல்ல வேறு கருவியைத் தேடத்தானே வேண்டும்? ஆகவே அவர் கவிதையை விட்டு ஓடவில்லை. கவிதை எட்டாத இடத்துக்குத் தூரிகையை அனுப்பினார் என்பதே நமது துணிபு.

இதற்கு மற்றொரு சாட்சி பிரான்ஸ் தேசத்து விக்டர் ஹியூகோ. 'ஏழை படும் பாடு' என்று தமிழர் அறிந்த கதையின் மூலநூலை 1862-ல் வெளியிட்டவர் அவர். அவர் வரைந்த சித்திரங்கள் ஏறக்குறைய நாலாயிரம் என்பதை நம்மில் பலர் அறியார். 1851-ல் லூயி நெப்போலியன் குடியரசைக் கவிழ்த்தபொழுது அவனை எதிர்த்து நாட்டைவிட்டு வெளியேறியவர், பத்தொன்பது ஆண்டுகள் அந்நிய மண்ணில் வாழ்ந்தார். ஜெர்ஸி, கெர்ன்ஸி என்னும் தீவுகளில் கடலைப் பார்த்தபடி எழுதினார்; எழுதாத நேரத்தில் வரைந்தார். மையோடு காப்பிக் கஷாயத்தையும் புகைக்கரியையும் கலந்து தீட்டினார். தாளில் மையைச் சிந்தி, அந்தக் கறையிலிருந்து கோட்டையையும் புயலையும் எழுப்பினார்.

1854-ல் கெர்ன்ஸித் தீவில் டாப்னர் என்ற கொலைக் குற்றவாளிக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. மரண தண்டனையே கூடாதென்னும் கொள்கையுடைய ஹியூகோ அவனுக்காக மன்றாடினார், பயனில்லை. தூக்குமரத்தில் தொங்கும் உடலை, கன்னங்கரிய இருளினிடையே, அவர் சித்திரமாக வரைந்து வைத்தார். 1859-ல் அமெரிக்காவில் நீக்ரோ அடிமைகளின் விடுதலைக்காக ஆயுதமெடுத்த ஜான் பிரௌன் தூக்கிலிடப்பட்டான். அவனைக் காக்கவும் ஹியூகோ வேண்டுகோள் விடுத்திருந்தார், அதுவும் பலிக்கவில்லை. உடனே அந்தப் பழைய சித்திரத்தைச் செதுக்குப் படமாக்கி ஜான் பிரௌனின் பெயரால் வெளியிடச் செய்தார். அறிக்கையால் இயலாததைப் படம் சாதித்ததென்று நாம் சொல்ல வரவில்லை, இறந்தவன் மீளவில்லை. ஆனால் அறிக்கையைப் படிக்க மொழி வேண்டும். தூக்குமரத்தைக் காணக் கண்ணிருந்தால் போதும்.

மூன்றாவது சாட்சி இங்கிலாந்தின் வில்லியம் பிளேக். பதினாலு வயதில் செதுக்குவேலை செய்யும் ஆசானிடம் சேர்ந்து, ஏழாண்டுகள் பணி பயின்ற தொழிலாளி அவர். பாட்டையும் படத்தையும் ஒரே செப்புத் தகட்டில் தாமே அமைத்து, அச்சிட்டு, வர்ணம் தீட்டி 1789 முதல் நூல்களை வெளியிட்டார். மனைவி காதரின் உடனிருந்து உதவினார். அவர் தூரிகை மௌனமாயிருந்ததே தவிர, நாக்கு மௌனமாயிருக்கவில்லை. தமது தோட்டத்தில் நுழைந்த சிப்பாய் ஒருவனைப் பிடித்துத் தள்ளி வெளியேற்றினார். அவனோ, பிளேக் அரசனைத் தூஷித்தாரென்று புகார் செய்தான். ராஜத்துரோக வழக்கில் சிசெஸ்டர் நகர நியாயஸ்தலத்தில் நின்று, 1804 ஜனவரியில் விடுதலையானார். 1809-ல் அண்ணன் கடையின் மாடியில் தம் சித்திரங்களைக் காட்சிக்கு வைத்தார், வாங்குவாரில்லை, வந்த ஒரே மதிப்புரையும் அவரைப் பைத்தியக்காரன் என்றது. 1827-ல் ஏழையாய் இறந்தார். இன்று பாட்டைப் படத்தினின்று பிரித்துப் படிப்பவனை அவருடைய ரசிகர்கள் பாதிப் பிளேக்கைப் படித்தவன் என்கிறார்கள்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் மறைக்காமல் கூறுவோம். எழுதுகிறவனெல்லாம் சித்திரக்காரனாகிவிட முடியாது. ஜெர்மானிய மகாகவி கெதே சித்திரத்தில் தீராத மோகங்கொண்டு, 1786-ல் இத்தாலிக்குச் சென்று பழகினார். ஏறக்குறைய இரண்டு வருஷ உழைப்புக்குப் பின், தாம் பிறந்தது இதற்கன்று, கவிதைக்கே என்று தம் வாயாலேயே ஒப்புக்கொண்டார். ஆயினும் அந்த உழைப்பு வீணாயிற்றா? இல்லை. வரையப் பழகிய கண் பார்க்கப் பழகிய கண்ணாயிற்று. வர்ணங்களைப் பற்றி அவர் 1810-ல் வெளியிட்ட பெருநூல் அந்தக் கண்ணின் விளைவு. விஞ்ஞானிகள் அதன் முடிவுகளை ஏற்கவில்லை. சித்திரக்காரர்களோ அதை இன்றும் கையிலெடுக்கிறார்கள். தோற்ற கலையும் வென்ற கலைக்கு உரமாவதுண்டு.

இவையெல்லாம் மேல்நாட்டு நாகரிகம் என்று எவரேனும் சொன்னால் நாம் சிரிப்போம். கலைகளைத் தனித்தனிக் கூண்டில் அடைப்பது நமது முன்னோர் வழக்கமன்று. விஷ்ணுதர்மோத்தர புராணத்தில் வஜ்ரன் என்ற அரசன், விக்கிரகம் சமைக்கும் வித்தையைக் கற்பிக்கும்படி மார்க்கண்டேய முனிவரை வேண்டுகிறான். சித்திரம் அறியாதவன் சிற்பம் அறியமாட்டான் என்கிறார் முனிவர். சித்திரத்துக்கு நாட்டியம் வேண்டும். நாட்டியத்துக்கு வாத்தியம் வேண்டும். வாத்தியத்துக்குக் கண்டசங்கீதம் வேண்டும் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அவனை அழைத்துச் செல்கிறார். ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காஞ்சியை ஆண்ட மகேந்திரவர்மன், 'மத்தவிலாஸம்' என்ற நகைச்சுவை நாடகத்தை வடமொழியில் எழுதினான்; செங்கல், மரம், உலோகம், சுண்ணம் இல்லாமல் மண்டகப்பட்டில் மலையைக் குடைந்து கோயில் எடுப்பித்தான். அவன் பூண்ட விருதுப்பெயர்களில் ஒன்று 'சித்திரகாரப்புலி'. அரசாட்சி இருக்க உனக்குச் சித்திரம் எதற்கு என்று அவனை எவரும் கேட்டதாகக் கல்வெட்டில் இல்லை!

பின் எப்பொழுது நம்மிடையே இந்தச் சுவர் எழுந்தது? நமது சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுகிறோம். பள்ளியில் படித்த நாளில், சரித்திரப் புத்தகத்தின் ஓரத்தில் எங்கள் ஊர்த் தேரை வரைந்து வைத்திருந்தோம். அதைக் கண்ட ஆசிரியர் பிரம்பெடுத்தார். தேர் அன்றோடு நின்றது. பின்னாளில் நியாயஸ்தலத்தில், எதிர்க்கட்சி வக்கீல் மணிக்கணக்காகப் பேசும்பொழுது, வழக்குக் கட்டின் ஓரத்தில் நமது பேனா தானாகவே கோடு கிழிக்கும். தேர் மட்டும் வருவதில்லை. இழந்தது பெரிய சித்திரக்காரனையன்று. அதை நாம் நன்கறிவோம். ஆனால் அந்தத் தேரின் சிற்பங்களை ஊன்றிப் பார்க்கும் கண்ணை நாம் மறுபடி பெற இருபது ஆண்டுகள் பிடித்தன. குமாஸ்தாக்களை உண்டாக்க வகுத்த கல்வியில் கையெழுத்துக்கு மதிப்புண்டு, கைக்கு மதிப்பில்லை. அந்த ஆட்சி 1947-ல் போயிற்று. அந்தப் பிரம்பு போயிற்றா? பரீட்சை நெருங்கினால் பல பள்ளிகளில் முதலில் பலியாவது சித்திர வகுப்புதானே!

இனி இரண்டாவது வழக்கு: இது நாட்டு வேலையா? சென்னையில் 1906-ல் தொடங்கிய 'இந்தியா' வாரப் பத்திரிகையில் பாரதியார் கேலிச் சித்திரங்களை வெளியிட்டார். அவர் தாமே வரைந்தவரல்லர். ஆயினும் எழுத்தறியாதவனுக்கும் அரசியலை உணர்த்தப் படம் வேண்டுமென்பதைத் தமிழ்ப் பத்திராதிபர்களில் முதன்முதல் உணர்ந்தவர்களில் அவர் ஒருவர். 1938-ல் ஹரிபுரா காங்கிரஸுக்காகக் காந்தியடிகள் நந்தலால் போஸை அழைத்து, உழவனையும் தச்சனையும் குயவனையும் வரையச் செய்தார். அதே நந்தலாலும் அவர் மாணாக்கர்களும் சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்ட மூலப்பிரதியின் ஏடுகளை அலங்கரித்தார்கள். சட்டம் எழுதியவர்களுக்குச் சித்திரம் அநாவசியமாகத் தோன்றவில்லை.

கொடுங்கோலர்களுக்கும் அது அற்பமாகத் தோன்றவில்லை. டாகுர் 1930-ல் பெர்லின் தேசியச் சித்திரசாலைக்கு அளித்த சித்திரங்களை, ஹிட்லரின் ஆட்சியினர் 1937-ல் 'சீரழிந்த கலை' என்று முத்திரையிட்டு அகற்றினார்கள். ஒரு முதிய கவி வரைந்த பெயரற்ற முகங்கள் படையெடுத்தா வரப்போகின்றன? எனினும் அஞ்சினார்கள். உத்தரவிட்டபடி எல்லாரும் ஒன்றையே காணவேண்டுமென்பவனுக்கு, தன் கண்ணால் காண்பவன் எவனாயினும் பகைவனே. நமது அரசாங்கமோ 1976-ல் டாகுரின் சித்திரங்களைத் தேசியக் கலைச் செல்வமென்று பிரகடனம் செய்தது.

தன் கண்ணால் காண்பதும், கண்டதைத் தன் கையால் சொல்வதும், சொல் எட்டாதபோது கோட்டைத் துணைக்கழைப்பதும் சுதந்திர புருஷனின் இலக்கணம். வாக்குரிமை பெற்ற ஜனங்கள் நோக்குரிமையை இழந்திருந்தால் அந்த வாக்கு எத்தன்மையதாயிருக்கும்? ஆதலின் பெற்றோர்களை நாம் வேண்டுவது இது: பிள்ளை புத்தகத்தின் ஓரத்தில் தேர் வரைந்தால் அதை அழிக்காதீர்கள், தனியே ஒரு தாள் கொடுங்கள். எழுதும் இளைஞர்களை வேண்டுவது: சொல் வராத வேளையில் சும்மா இராதீர்கள், ஒரு கோடு கிழித்துப் பாருங்கள்.

நமது நண்பர் விடைபெறும்பொழுது அந்தப் புத்தகத்தை இரவல் கேட்டார். மகிழ்ச்சியோடு கொடுத்தோம். இன்னும் திருப்பித் தரவில்லை, நாமும் அவசரப்படுத்தவில்லை.