கொனிடியம்: சொற்பிறப்பும் தமிழாக்கமும்

பூஞ்சணத்தின் இனப்பெருக்க நுண்ணணுக்களுள் ஒரு வகையினைக் 'கொனிடியம்' எனப் பயிரியலார் வழங்குவர். பழைய ரொட்டியின்மேற் படரும் பச்சைப் பூஞ்சணத்தைத் தொட்ட அளவில் விரலில் ஒட்டும் பொடி பெரும்பாலும் இதுவே. இச்சொல்லின் பிறப்பினையும், இதனைத் தமிழாக்குங்கால் எழும் இடர்ப்பாட்டினையும் ஈண்டுக் காண்போம்.

கிரேக்க மொழியில் 'கோனிஸ்' என்பது புழுதி, சாம்பல் என்னும் பொருள்களை உடையது. சாம்பலைக் குறிக்கும் 'கினிஸ்' என்னும் இலத்தீன் சொல் இதற்கு இனமானது. 'இடியோன்' என்பது சிறுமை உணர்த்தும் கிரேக்க விகுதி. இவை கூடி இலத்தீன் வடிவம் பெற்றுக் 'கொனிடியம்' என நின்றன. ஆகவே 'சிறு துகள்' என்பதே இதன் சொற்பொருள். 'கொனிடியா' என்பது பன்மை வடிவம்; அதனை ஒருமையெனக் கொண்டு 'கொனிடியாக்கள்' என எழுதுதல் பன்மைமேற் பன்மையாம்.

'ஸ்போர்' என்னும் பொதுச்சொல்லோ, விதைத்தல் என்னும் பொருளுடைய 'ஸ்போரா' என்பதன் வழி வந்தது. கொனிடியம் என்பது கண்ணுக்குப் புலனாகும் தோற்றத்தையும், ஸ்போர் என்பது செய்யும் தொழிலையும் பற்றி எழுந்த பெயர்கள். தோற்றத்தினின்று தொழிலை அறிந்து காட்டியவர் பிளாரன்ஸ் நகரத்து மிக்கேலி. பூஞ்சணம் அழுகலினின்று தானே தோன்றும் எனப் பலரும் நம்பிய காலத்தில், அவர் அப்பொடியைப் பழத்துண்டுகளின்மேல் இட்டு, இட்ட இனமே முளைக்கக் கண்டார். அதனை 1729-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் உரைத்தார். துகளெனத் தோன்றியது வித்தின் தொழில் செய்வதாயிற்று. எனினும், பிற்காலத்தார் படைத்த கொனிடியம் என்னும் பெயர் துகளையே சுட்டி நின்றது.

இனித் தமிழாக்கம். 'வித்து' எனின், கருவினை உள்ளடக்கிய விதையோடு மயங்கும்; பூஞ்சண அணுவில் அத்தகைய கரு இல்லை. இலங்கைப் பாடநூல்கள் விதையை 'வித்து' எனவும், ஸ்போரை 'வித்தி' எனவும் வேறுபடுத்தியமை போற்றத்தக்கது. 'நுண்' என்பதும் 'துகள்' என்பதும் புணரின் 'நுண்டுகள்' என்றாகிப் பன்மை போல மயக்கும். உயிரில் தூசியினின்றும் வேறுபடாது. ஆதலின், 'துகள்வித்தி' என்பது தக்கதெனத் தோன்றுகிறது. கொனிடியம் உறையினுள் அடங்காது, இழையின் வெளிப்புறத்தே தோன்றி, உதிர்ந்து காற்றிற் பரவுவது. அவ்வியல்பினைத் 'துகள்' என்பதும், முளைக்கும் ஆற்றலினை 'வித்தி' என்பதும் உணர்த்தும். மூலச்சொல் கூறாது விட்ட தொழிலையும் தமிழ்ச்சொல் கூறுமாயின், அது குற்றமன்று, குணமேயாம்.