பத்து வெள்ளியைக் கையில் வாங்கத் தெரிந்தவர்

மலாயாவில் வியாபாரத்துக்கென்று முதன்முதலில் கித்தா, அதாவது ரப்பர், நட்டது எங்கள் மலாக்காவில்தான். 1896இல் டான் சாய் யான் என்ற சீன வணிகர், சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லியின் பேச்சை நம்பி, புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் கன்று வைத்தார். காப்பியிலும் மரவள்ளியிலும் மற்றவர்கள் பணம் போட்டுக்கொண்டிருந்த காலம். கித்தா மரம் பால் கொடுக்க ஆறேழு வருஷம் ஆகும். காத்திருந்தார். அதன் பிறகு இந்த மாநிலத்துக் குன்றெல்லாம் கித்தாவானது. அந்த மரங்களைச் சீவுவதற்குத்தான் எங்கள் தாத்தா பாட்டிமார் கப்பலேறி வந்தார்கள்.

மலாக்காவின் ரெம்பியா வட்டாரத் தோட்டங்களில் பிறந்த என் வயதுக்காரர்களுக்கு மீதிக் கதை தெரியும். விடியுமுன் பெரட்டில் ஆள் கணக்கு, பிறகு நிரை பிடித்து வெட்டு, வெயில் ஏறியதும் பால் எடுத்து ஸ்டோரில் நிறுவை. மேலே துரை, அவருக்குக் கீழே கிராணி, அவருக்குக் கீழே மண்டோர், கங்காணி. எந்த வயலை எப்போது அழித்து மறுநடவு செய்வது, பாலை யாருக்கு விற்பது, எந்த விலைக்கு விற்பது என்பதையெல்லாம் முடிவு செய்யும் ஆள் லயத்துக் குடும்பம் எதிலும் இல்லை. முடிவெடுக்கும் இடத்தில் நம்மைப் போன்ற ஒருவரைப் பார்த்துப் பழகாமலே இரண்டு மூன்று தலைமுறை போய்விட்டது. இன்று எங்கள் பிள்ளைகள் தொழில் தொடங்கத் தயங்குவதற்கு முதல் பெரிய காரணம் இதுதான் என்று நான் நம்புகிறேன். பணமில்லாதது அதற்கு அடுத்த காரணம்.

அதனால் தொழில் தலைமை பற்றி, சின்ன மில் ஒன்று நடத்தும் என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் துன் வீ.தி. சம்பந்தன். அவரை அரசியல்வாதியாகத்தான் எல்லாரும் அறிவார்கள். நாட்டின் விடுதலைக்குப் பாடுபட்ட தலைவர்களில் ஒருவர், 1955 முதல் 1973 வரை மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவர், அமைச்சர், பிரிக்பீல்ட்ஸ் சாலைக்குப் பெயரானவர். எனக்கு அவர் முதலில் ஒரு தொழில் தலைவர். அதற்குக் காரணம் 1960இல் அவர் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம்.

அந்தச் சங்கம் ஏன் வந்தது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்களில் பலர் தோட்டம் நடத்த வாங்கவில்லை. கூட்டாகச் சேர்ந்து வாங்கி, துண்டு துண்டாக அறுத்து, லாபம் வைத்து விற்றுவிட்டுப் போனார்கள். தோட்டத் துண்டாடல் என்று அதற்குப் பெயர். 100 ஏக்கருக்குக் குறைந்த நிலம் அரசாங்கக் கணக்கில் தோட்டமே ஆகாது, சிறு உடைமைதான். பத்து ஏக்கரும் இருபது ஏக்கரும் வைத்திருக்கும் புது முதலாளிக்கு லயமும் ஆஸ்பத்திரியும் ஆயாக்கொட்டகையும் எதற்கு? நாற்பது வருஷம் ஒரே லயத்தில் இருந்த குடும்பங்கள் சட்டி பானையோடு சாலைக்கு வந்தன. வேலை கிடைத்த சிலரும் குத்தகைக்காரன் கையில் குறைந்த கூலிக்கு மாட்டிக்கொண்டார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜிஸ் தனியாக ஆய்வு செய்து அறிக்கை கொடுத்திருக்கிறார். அந்த அளவுக்குப் பெரிய விஷயம் அது.

இந்த நிலையில் ஒரு தலைவர் என்னவெல்லாம் செய்திருக்கலாம்? மனு கொடுக்கலாம், தடுத்து நிறுத்தச் சட்டம் கேட்கலாம், மேடை போட்டு முழங்கலாம். சம்பந்தன் அமைச்சரவையில் இருந்தவர், இதில் எதுவும் அவருக்கு எளிது. ஆனால் விற்பனைக்கு வரும் தோட்டத்தை வேலைக்காரர்களே வாங்கட்டும் என்று அவர் சொன்னார். ஆளுக்கு நூறு வெள்ளி பங்கு, மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம்.

இன்றைய கணக்கில் பத்து வெள்ளி ஒரு வேளைச் சாப்பாட்டோடு போய்விடும். அன்று பால்வெட்டுக்காரரின் நாள் கூலி மூன்று வெள்ளியை ஒட்டித்தான் இருந்தது. மூன்று நாள் உழைப்புக்கு மேல் எடுத்து, கண்ணால் பார்க்காத ஒரு சங்கத்துக்குக் கொடு என்று கேட்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! கொடுப்பதற்கு அதைவிடப் பெரிய துணிவு வேண்டும். சீட்டுப் பிடித்தவன் ஓடிப்போனதையும், வசூல் செய்தவன் கணக்குக் காட்டாததையும் பார்த்த ஜனங்கள் அவர்கள். சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், லயத்து வாசலில் நின்று கேட்டார். சுங்கை சிப்புட்டில் தோட்ட முதலாளி வீட்டுப் பிள்ளையாகப் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஆனாலும் பணம் கேட்க ஆளை அனுப்பிவிட்டுத் தலைநகரில் உட்கார்ந்திருக்கவில்லை. அப்பா வைத்துவிட்டுப் போன சொத்து பொதுவாழ்க்கையில் கரைந்துபோனதை ஊரே பார்த்தது. தன் கைப்பணத்தை விட்டுக்கொடுக்கிறவர் நம் பணத்தைத் தொடமாட்டார் என்று ஜனங்கள் முடிவு கட்டினார்கள்.

என் அப்பாவும் பங்கு போட்டவர், பிற்பாடு பேராளர் கூட்டத்துக்குப் போனவர். அவர் கூட்டத்திலிருந்து திரும்பும் நாளில் எங்கள் வீட்டு வாசலில் ஆட்கள் கூடிவிடுவார்கள். எத்தனை ஏக்கர் வாங்கியிருக்கிறோம், பேங்குக்கு எவ்வளவு பாக்கி, லாப ஈவு எத்தனை விழுக்காடு என்று அவர் வரிசையாகச் சொல்லுவார். "மறுநடவுக்கு ஏன் இவ்வளவு செலவு, அண்ணே?" என்று கேட்ட கிழவியை எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாத அந்தப் பாட்டி ஒரு பங்குதாரர். அவருக்குப் புரியும்வரை அப்பா விளக்குவார், ஒரே விஷயத்தை மூன்று விதமாகச் சொல்லுவார். வணிக நிர்வாகம் என்ற படிப்பு இருப்பது எனக்குத் தெரியுமுன்பே அதன் முதல் பாடத்தை அந்த வாசலில் கேட்டுவிட்டேன்.

சங்கம் முதலில் வாங்கியது கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம். வாங்கிய பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. 1960களில் செயற்கை ரப்பரின் போட்டியால் கித்தா விலை இறங்கிக்கொண்டே போனது. கிழட்டு மரங்களை அழித்து நல்ல ரகம் நட்டால் அந்த வயலில் ஆறேழு வருஷத்துக்கு வருமானம் கிடையாது. நடாவிட்டால் பத்து வருஷத்தில் தோட்டமே படுத்துவிடும். ஒருபக்கம் பேங்குக் கடன், மறுபக்கம் பங்குப் பணம் போட்டுவிட்டு ஈவுக்காகக் காத்திருக்கும் ஏழைகள். இந்த வருஷத்து ஈவைக் குறைத்துக் கன்று வாங்குவதா, ஈவைக் கொடுத்துவிட்டு மரத்தைக் கிழடாக விடுவதா? ஒவ்வொரு தோட்டத்திலும் யாராவது இதை முடிவு செய்தே ஆக வேண்டும். கித்தாவிலிருந்து செம்பனைக்கு மாறுவதும் அதே மாதிரி முடிவுதான். தலைமை என்று நான் சொல்வது இந்த நேரத்தைத்தான். ஜனங்கள் கைதட்டாத ஒன்றைச் செய்துவிட்டு, அதன் காரணத்தை அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

1979 மே மாதம் சம்பந்தன் காலமானார். அவரோடு சங்கமும் போய்விடும் என்று சொன்னவர்கள் உண்டு. போகவில்லை. அவர் மனைவி தோ புவான் உமா சம்பந்தன் பல வருஷம் தலைவராக இருந்து அதைக் காப்பாற்றினார். பிறகு டான்ஸ்ரீ கே.ஆர். சோமசுந்தரம் பொறுப்பேற்று நடத்தினார். கோலாலம்பூரில் விஸ்மா துன் சம்பந்தன் நிற்கிறது. சோமசுந்தரம் பெயரில் இயங்கும் மொழி இலக்கிய அறவாரியம் தமிழ் எழுத்தாளர்களுக்குப் பரிசளித்து வருகிறது. ஆரம்பித்தவர் போன பின்னும் ஒரு தொழில் நடக்கிறது என்றால், அவர் இருக்கும்போதே மற்றவர்களைப் பொறுப்பில் உட்கார வைத்திருக்கிறார் என்று பொருள்.

இதே சமுதாயம், இதே மாதிரிச் சின்னச் சேமிப்பு, வேறு முடிவு ஒன்றும் உண்டு. 1980களின் தொடக்கத்தில் மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. சுமார் 66,000 இந்தியர்கள் பங்கு வாங்கினார்கள். சேர்ந்த தொகை ஏறத்தாழ 10 கோடியே 60 லட்சம் வெள்ளி. தாலிக்கொடியை அடகு வைத்துப் பங்கு வாங்கியவர்களும் இருந்தார்கள். பங்கின் முகவிலை ஒரு வெள்ளி. 2010இல் வெஸ்ட்போர்ட்ஸ் துறைமுகத்தின் டான்ஸ்ரீ ஞானலிங்கம் குடும்ப நிறுவனம் அந்தப் பங்குகளைத் தலா 80 சென்னுக்கு வாங்க முன்வந்தது. கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தவர்களுக்குப் போட்ட வெள்ளியே முழுசாக வரவில்லை. இடையில் மைக்காவுக்கான டெலிகோம் பங்கு ஒதுக்கீடு பற்றி எழுந்த சர்ச்சை நாடறிந்தது. யார்மீது தவறு என்று தீர்ப்புச் சொல்ல இங்கே நான் வரவில்லை. ஆனால் மைக்காவை மறந்துவிட்டு நம் பிள்ளைகளுக்குத் தொழில் தலைமை சொல்லிக்கொடுக்க முடியாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். பங்கு போட்டவர் கேள்வி கேட்க ஒரு வாசல் இருந்ததா, கேட்ட கேள்விக்கு அவர் மொழியில் பதில் வந்ததா என்று நான் முதலில் பார்ப்பேன்.

குஜராத்தில் அமுல் என்ற பால் கூட்டுறவு வளர்ந்த விதத்தையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். 1946இல் கேடா மாவட்டத்தில் திருபுவன்தாஸ் படேல் விவசாயிகளைச் சேர்த்தார், பிறகு கேரளத்துக்காரரான வர்கீஸ் குரியன் வந்து நடத்தினார். காலையும் மாலையும் கிராமத்துச் சங்கத்தில் பாலை அளந்து, கொழுப்பைச் சோதித்து, அதற்குத் தக்க விலை போட்டார்கள். ஒரு சொம்புப் பால் கொண்டுவந்த பெண்ணுக்கும் தன் பாலின் அளவு தெரியும், விலை தெரியும். உலகப் புகழெல்லாம் அதற்கு அப்புறம் வந்தது.

நான் நடத்துவது பெரிய கம்பெனி இல்லை. ரெம்பியாவில் மசாலைத் தூள் அரைக்கும் மில், வேலை செய்பவர்கள் ஒன்பது பேர். நிறுவை எண் வாங்குபவர் பக்கம் தெரியும்படிதான் தராசு வைத்திருக்கிறேன். ஸ்டோரில் பால் நிறுக்கும்போது முள்ளை எட்டிப் பார்க்க முடியாமல் அம்மா நின்ற நிலை எனக்குத் தெரியும். சம்பளத் தேதி தள்ளியதில்லை. ஊழியர் சேமநிதிக்கும் சொக்சோவுக்கும் கட்டிய ரசீதை மாதாமாதம் சுவரில் ஒட்டிவிடுவேன். காய்ந்த மிளகாய் விலை ஏறும்போது எல்லாரையும் உட்கார வைத்து, மூட்டை என்ன விலைக்கு வந்தது, பாக்கெட் என்ன விலைக்குப் போகிறது, நடுவில் எவ்வளவு நிற்கிறது என்று எழுதிக் காட்டுவேன். "முதலாளி கணக்கை வேலைக்காரர்களுக்கு ஏன் காட்டுகிறாய்?" என்று உறவினர்கள் கண்டிப்பார்கள். கணக்கு தெரிந்த பிறகுதான் கல்லில் ஒட்டிய தூளைக்கூடத் துடைத்தெடுக்க ஆரம்பித்தார்கள் என்பதை அவர்களுக்குச் சொல்வேன். கொத்தமல்லி வறுக்கும் பக்குவம் என்னைவிட நன்றாக அறிந்த ஒரு பெண் இருக்கிறார். வாங்குவது விற்பது இரண்டையும் இப்போது அவரிடம் பழக்கிக்கொண்டிருக்கிறேன். நான் ஊரில் இல்லாத நாட்களில் செக்கில் கையெழுத்துப் போடுவது அவர்தான்.

தோட்டங்கள் இன்று செம்பனைக் காடு. குலை வெட்டுவது பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். எங்கள் பிள்ளைகள் பெகோவில் ஹோண்டா தொழிற்சாலைக்கும் பத்து பெரண்டாம் மின்னணுக் கம்பெனிகளுக்கும் மோட்டாரில் போகிறார்கள். அவர்களில் துணிந்தவர்கள் அவ்வப்போது மில்லுக்கு வந்து யோசனை கேட்கிறார்கள். போன மாதம் வந்த தம்பி கார் கழுவும் கடை போட இடம் பார்த்துவிட்டார். தொழில்களைப் பதியும் எஸ்.எஸ்.எம்.மில் பெயர் பதிய வருஷத்துக்கு 60 வெள்ளிதான் என்று தெரிந்துவைத்திருக்கிறார். சிறுதொழிலுக்குக் கடன் தரும் தெக்குனில் இந்தியத் தொழில்முனைவோருக்கான ஸ்புமி கடனுக்கு விண்ணப்பப் பாரமும் கையில் வைத்திருந்தார்.

"லோன் கெடச்சிடும்க்கா, எப்படி நடத்துறதுன்னுதான் சொல்லுங்க," என்றார்.

கூட யாரெல்லாம் வேலை செய்யப் போகிறார்கள் என்று கேட்டேன். தன்னோடு படித்த இரண்டு பையன்கள் என்றார். அவர்களுக்குக் கடன் தவணை எவ்வளவு என்று தெரியுமா, மழைக்காலத்தில் கார் வராத மாதம் சம்பளம் எங்கிருந்து வரும் என்று சொல்லியிருக்கிறாயா என்றேன். இல்லை என்று தலையாட்டினார். பாரத்தை மடித்து வைத்துவிட்டு, அந்த இருவரையும் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். வந்தார்கள். நால்வருமாக உட்கார்ந்து, தண்ணீர் பில் முதல் தவணை வரை தாளில் எழுதினோம். மூன்றாவது மாதத்துக் கணக்கு இடித்தது. அந்த இரண்டு பையன்களில் ஒருவன்தான் வழி சொன்னான்: முதல் ஆறு மாதம் தொழிற்சாலை வேலையை விடாமல் ஷிப்ட் மாற்றிக்கொண்டு கடையைப் பார்ப்போம் என்றான். கடன் தொகையைப் பாதியாகக் குறைத்து, புதுப் பாரம் எழுதி எடுத்துக்கொண்டு போனார்கள்.