செவிலியரின் சோர்வு நோயாளிக்கும் ஆபத்து

இரண்டு ஷிஃப்ட் தொடர்ந்து பார்த்த செவிலியர் மருந்தளவில் தவறினால், உடனே மெமோ வருகிறது. அன்றிரவு அந்த வார்டில் எத்தனை நோயாளிகளுக்கு அவர் ஒருவர் என்று யாரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை, செவிலியத் துறை ஆய்வாளர் லிண்டா எய்கனின் குழுவினர் ஆராய்ந்து 2002இல் முடிவை வெளியிட்டனர். செவிலியர் ஒருவரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. செவிலியர் பணிச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடியது.

பணிச்சோர்வை எப்படி அறிவது?

ஓய்வெடுத்தும் தீராத களைப்பு, வேலையில் வெறுப்பு, எதையும் சரியாகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம்: இம்மூன்றும் பணிச்சோர்வின் அடையாளங்கள். சமாளிக்கப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு இது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனவே இதைத் தனிமனித பலவீனமாகப் பார்க்கக் கூடாது.

உரிமைகள் என்ன?

மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் தமிழ்நாட்டின் 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி 3 முதல் 10 ஆண்டு வரை சிறை. பாலியல் தொல்லை நேர்ந்தால் 3 மாதங்களுக்குள் மருத்துவமனையின் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் தரலாம்; 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மருத்துவமனை இக்குழுவை அமைத்தே ஆக வேண்டும். 200 படுக்கைகளுக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனைகள் அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம் தர வேண்டும் என்பது, 2016இல் உச்ச நீதிமன்ற உத்தரவால் அமைந்த குழுவின் பரிந்துரை.

என்ன செய்யலாம்?

ஆள் பற்றாத ஷிஃப்டைத் தேதி, நோயாளிகளின் எண்ணிக்கையுடன் எழுதி, கண்காணிப்பாளரிடம் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழிப் புகார் காற்றோடு போய்விடும். ஊசி குத்திவிட்டால் டியூட்டி முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்; எச்ஐவி தடுப்பு மருந்தை உடனே, அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். மனம் தாங்கவில்லையென்றால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸை 14416 எண்ணில் அழையுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

நோயாளியின் குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். தாமதத்துக்காகச் செவிலியரிடம் கோபப்படாதீர்கள். இரவில் இந்த வார்டுக்கு எத்தனை செவிலியர் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். போதிய ஆட்களை நியமிப்பது நிர்வாகத்தின் கடமை.