மறையாக்கமும் திறவி காப்போரும்

அரசு அலுவலகங்களில் மறையாக்கக் கருவிகளைப் பேணும் துணைப்பணி ஒன்று உண்டு. அப்பணியில் இருப்போர் மறைச்செய்திகளை எழுதுவதில்லை, படிப்பதும் இல்லை. கருவியையும் அதன் திறவியையும் காப்பதே அவர்தம் கடமை. கூலிமிலும் சுங்கைப் பட்டாணியிலும் கணினியியல் பயிலும் நம் மாணவர் இதனை வெறும் காவல் வேலை என எண்ணிவிடலாகாது.

முதலில் சொல்லைத் தெளிவோம். 'குறியாக்கம்' என்பதை இன்று இரு பொருளில் ஆள்கின்றனர். எழுத்தை எண்ணாக மாற்றுவதும் குறியாக்கம், பிறர் அறியாவண்ணம் மறைப்பதும் குறியாக்கம் என்றால் மாணவர் குழம்புவர். பின்னதற்கு 'மறையாக்கம்' என்பதே பொருந்தும் என்பது நம் கருத்து.

நன்னூல் கூறும் குழூஉக்குறியை நாம் அறிவோம். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர். இச்சொல் வெளிப்பட்ட அன்றே அதன் காப்பும் போயிற்று. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பற்றி விலை பேசுவது வேறு வகை. முறையை ஊரே அறியும். துண்டுக்குள் பற்றிய விரல் எத்தனை என்பதை இருவரே அறிவர். கருவி பகைவர் கையில் சிக்கினும் திறவி சிக்காதவரை செய்தி காக்கப்பட வேண்டும் என 1883இல் கெர்க்காப்ஸ் வகுத்த நெறியும் இதுவே.

ஆகவே காப்பின் சுமை முழுதும் திறவியின்மேல் விழுகிறது. அதனைத் தனியொருவர் கையாளாமல் இருவர் உடனிருந்து ஒப்பமிடுவதும், வரிசை எண்ணைப் பதிவேட்டில் ஏற்றுவதும், முத்திரை சிதைந்துள்ளதா எனப் பார்ப்பதும், காலாவதியான திறவியைச் சான்றாளர் முன் அழிப்பதும் இப்பணியின் அன்றாடம். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் இவற்றுள் ஒன்று தவறினால் என்னாகும்?

1940 நவம்பர் 11 அன்று, பினாங்கு நோக்கி வந்த 'ஆட்டோமெடான்' என்னும் பிரித்தானியக் கப்பலைச் சுமத்திராவுக்கு மேற்கே செருமானியரின் 'அட்லாண்டிஸ்' தாக்கியது. இடர் நேரின் கடலில் எறிவதற்கென, நீர் புகுந்து மூழ்கத்தக்க துளைகளுடன் அமைந்த பையொன்று அதில் இருந்தது. முதற்குண்டுகளிலேயே கப்பல் தலைவர் மாண்டார். பையை எறிவார் இல்லை. மறையாக்க அட்டவணைகளும் படைத்தலைவர்களின் அறிக்கையும் பகைவர் வசமாயின. விதி இருந்தது, பையும் இருந்தது. அதனைச் செய்துமுடிக்க அடுத்த ஆள் இல்லை. இருவர் வேண்டும் என்னும் விதியின் மற்றொரு பயன் இங்கே விளங்கும்.

மறு ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் கெடாவில் புகுந்தனர். ஜித்ராவில் பிரித்தானிய இந்தியப் படை முறிந்தது. அத்தோல்விக்கு அப்பையே காரணம் என்பது மிகை. வான்படைக் குறைவு முதலாய காரணங்கள் பல. எனினும், கீழைக்கடலுக்குப் பெருங்கடற்படையை அனுப்ப இயலாது என்னும் பிரித்தானியரின் சொந்த மதிப்பீடு ஓராண்டுக்கு முன்பே தோக்கியோவை எட்டியிருந்தது.