இரு படங்களுக்கு இடையே

கண்ணமங்கலத்தில் பட்டுத் தறியின் ஓசை கேட்கும் வீடு ஒன்றினுள் எட்டிப் பாருங்கள். தறியின் தலைமேல் ஜக்கார்டு பெட்டியும், அதிலிருந்து மாலைபோல் தொங்கும் துளையிட்ட அட்டைகளும் இருக்கும். நெசவாளர் மிதியை அழுத்தியதும் ஓர் அட்டை முன்வரும். அதன் துளைகளுக்கு உரிய பாவு இழைகள் மட்டும் மேலெழும்ப, நாடா குறுக்கே ஓடி ஓர் ஊடை இழையை விட்டுச் செல்லும். அடுத்த மிதிக்கு அடுத்த அட்டை. எந்த அட்டையைத் தனியே எடுத்துப் பார்த்தாலும் அதில் மாங்காய் தெரியாது. ஓர் அட்டைக்கும் அடுத்ததற்கும் உள்ள சிறு வேறுபாடுதான் சேலையில் மாங்காயாகத் திரள்கிறது.

கார்ட்டூன் படம் என்று நாம் அழைக்கும் அசைவூட்டப் படமும் ஏறக்குறைய இப்படியே உருவாகிறது. தறியில் இழைக்குப் பின் இழை. திரையில் படத்திற்குப் பின் படம். திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகின்றன. ஒரே ஓவியத்தை இரண்டு சட்டங்களுக்குப் பயன்படுத்துவது வழக்கம் என்பதால் விநாடிக்கு 12 ஓவியங்கள் போதும். போதும் என்று எழுதுவது எளிது. பத்து நிமிடப் படத்திற்கு அது 7,200 ஓவியங்கள்!

நின்றுகொண்டிருக்கும் ஓவியங்கள் எவ்வாறு அசைகின்றன? விழித்திரையில் பிம்பம் சற்று நேரம் தங்குவதால் என்று பல பாடநூல்கள் கூறுகின்றன. இது முழு விடை அன்று. பழைய பிம்பம் தங்கியிருக்கையில் புதியது வந்து விழுந்தால் இரண்டும் கலந்து குழம்ப வேண்டுமே தவிர, அசைய வேண்டிய காரணம் இல்லை. ஜெர்மானிய உளவியலறிஞர் மாக்ஸ் வெர்தைமர் 1912இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. அருகருகே உள்ள இரு கோடுகளை, சுமார் விநாடியில் பதினாறில் ஒரு பங்கு இடைவெளியில், ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினார். பார்த்தவர்களுக்கு இரண்டு கோடுகள் தெரியவில்லை. ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்வதாகத் தோன்றியது. இல்லாத அசைவை மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது.

அதே 1912இல், வெர்தைமரை அறியாமலே, நம் நாட்டில் ஒருவர் இதே உண்மையைத் தம் வாழ்வாதாரமாகக் கொண்டு ஒரு காரியம் செய்தார். அவர் தாதாசாகேப் பால்கே. லண்டன் சென்று படப்பிடிப்புக் கருவி வாங்கி வந்திருந்தார். படமெடுக்கப் பணம் இல்லை. வெறும் பேச்சை நம்பி யார் கடன் கொடுப்பார்? ஒரு தொட்டியில் பட்டாணியை விதைத்தார். அதன் எதிரே கருவியை அசையாமல் நிறுத்தி, நாள்தோறும் சில சட்டங்களாக ஒரு மாதத்திற்கும் மேல் படம் பிடித்தார். திரையிட்டபோது, ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் விதை முளைத்துக் கொடியாகி நின்றது. ஒரு மாதத்தை ஒரு நிமிடமாக்கினால் காலம் 43,200 மடங்கு விரைகிறது. அந்தக் கொடியைக் கண்டு கடன் கிடைத்தது. மனைவி சரஸ்வதிபாயின் நகைகளும் அடகுக்குப் போயின. 1913இல் ‘ராஜா அரிச்சந்திரா’ வெளிவந்தது. 1915இல் தீக்குச்சிகளைச் சட்டம் சட்டமாக நகர்த்தி அவர் எடுத்த சிறு படம் இன்று நமக்குக் கிடைக்கவில்லை.

கொடிக்கு இடைவெளியை இயற்கையே வகுத்துக் கொடுத்தது. ஓவியருக்கோ அதை வகுப்பதே முழு வேலை. இதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் செய்து பார்க்கலாம்; என் போன்ற இயற்பியல் ஆசிரியருக்கு இதைவிட இனிய பாடம் கிடையாது. கையிலிருந்து விடப்பட்ட பந்து அரை விநாடியில் 122.5 செ.மீ. விழும். அதை ஆறு ஓவியங்களாக்கினால், கையிலிருந்து பந்தின் தொலைவு முறையே 3.4, 13.6, 30.6, 54.4, 85, 122.5 செ.மீ. ஆகும். அடுத்தடுத்த இடைவெளிகள் 1, 3, 5, 7, 9, 11 என்னும் விகிதத்தில் விரிகின்றன. கலிலியோ கண்ட விதி இது. செ.மீ. என்பதை மி.மீ. ஆகக் குறுக்கிக்கொண்டு, பக்கத்திற்கு ஒன்றாக ஏழு மி.மீ. வட்டங்கள் வரைந்து, விளிம்பை விரலால் புரட்டுங்கள். பந்து விழும்!

இனி இடைவெளிகளை எல்லாம் சமமாக்கி வரையுங்கள். அதே ஆறு வட்டங்கள், அதே தொடக்கம், அதே முடிவு. ஆனால் இப்போது அது பந்து அன்று. யாரோ கயிறு கட்டி இறக்கும் ஏதோ ஒரு பொருள். வட்டங்களை நெருக்கி எண்ணிக்கையைக் கூட்டினால் காற்றில் இறங்கும் பலூன். வட்டம் மாறவில்லை; பொருளின் எடை மாறிவிட்டது.

கதை சொல்லுவதும் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு சிறுவன் தட்டிலுள்ள மாம்பழத்தின் பக்கம் கை நீட்டுகிறான். முதற்படம், கை மடியில். கடைசிப் படம், கை பழத்தின்மேல். இடையே இரண்டே ஓவியம் வைத்தால் அவன் பறிக்கிறான். யாருக்கும் தெரியாமல் எடுக்கிறான் என்றுகூடச் சொல்லலாம். பன்னிரண்டு வைத்து, பழத்தின் அருகே வரவர நெருக்கினால் அவன் தயங்குகிறான். பழம் வேறு யாருக்கோ வைத்தது போலும். நடுவில் எட்டுச் சட்டம் கையை அப்படியே நிறுத்தினால், யாரோ வரும் காலடி ஓசை அவனுக்குக் கேட்டுவிட்டது. ஒரு சொல் உரையாடல் இல்லை. முகத்தைக்கூட நாம் வரையவில்லை.

இந்தக் கணக்கை நம் நாட்டவர் முறையாகக் கற்றது பம்பாயில். மைய அரசின் திரைப்படப் பிரிவு அங்கே கார்ட்டூன் பகுதி ஒன்றைத் தொடங்கியதும், டிஸ்னி நிறுவனத்தில் ‘பாம்பி’ படத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் 1956இல் வந்து பயிற்சி அளித்தார். அங்கே உருவான ‘ஆலமரத்து மான்’ என்னும் படம் புத்த ஜாதகக் கதை ஒன்றைச் சொன்னது. கருவுற்ற பெண்மானுக்குப் பதிலாகத் தன் உயிரைக் கொடுக்க முன்வரும் மான் அரசனின் கதை அது. இத்தகைய கதையில் ஓட்டத்தை வரைவது எளிது. தலையைத் தாழ்த்தி அசையாமல் நிற்பதை எத்தனை சட்டம் நிறுத்துவது என்பதே கடினம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ராம் மோகன் என்ற இளைஞரும் அந்தப் பகுதியில் சேர்ந்தார். 2019இல் மறையும்வரை அவர் இத்துறையை விடவில்லை. 1989இல் வந்த ‘ராஜா சின்ன ரோஜா’வில் ரஜினிகாந்துடன் ஆடிப் பாடிய கார்ட்டூன் விலங்குகளை நம் வாசகர்களில் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள், அவை இவர் ஆக்கம். ஜப்பானியரான யூகோ சாகோவுடன் சேர்ந்து இராமாயணத்தையும் முழுநீளப் படமாக்கினார்.

இன்று முதலும் முடிவும் கொடுத்தால் இடைப்படங்களைக் கணிப்பொறியே நிரப்பிவிடும். ஆனால் அது முதலில் கேட்பது ஒரு வளைகோட்டை. கிடையில் காலம், செங்குத்தில் தொலைவு. நாம் பள்ளியில் வரையும் அதே வரைபடம். கோட்டை எங்கே செங்குத்தாக்குவது, எங்கே படுக்கவைப்பது என்பதை இப்போதும் ஓவியர் கைதான் முடிவு செய்கிறது. 2014இல் வந்த ‘கோச்சடையான்’ போன்ற படங்களில் நடிகர் உடலின் அசைவையே பதிவு செய்து கணிப்பொறிக்குக் கொடுத்தார்கள்; அங்கே இடைவெளிகளை நடிகரின் தசைகள் வகுக்கின்றன.

மாம்பழச் சிறுவனை இரண்டு நோட்டுகளில் இருவிதமாக வரைந்து, கதையைச் சொல்லாமல் தம்பியிடமோ தங்கையிடமோ கொடுத்து, அவன் என்ன செய்கிறான் என்று கேளுங்கள். தாள் சற்றுத் தடிமனாக இருக்கட்டும். மெல்லிய தாள்கள் இரண்டிரண்டாகப் புரண்டு, தயங்குகிற பையனைத் திருடனாக்கிவிடும்.