நீல விளக்கில் பச்சைப் பவளம்

குற்றாலத்துச் சாரலில் நனையும் பிள்ளைகளுக்குக் கடல் எங்கோ தொலைவில் இருப்பதாகத் தோன்றும். தென்காசியிலிருந்து கிழக்கே தூத்துக்குடிவரை போனால் போதும், கரைக்கு எதிரே இருக்கும் வான் தீவு, காசுவாரித் தீவுப் பக்கமெல்லாம் உயிருள்ள பவளப்பாறைகள்தான். அங்கிருந்து ராமேசுவரம்வரை மன்னார் வளைகுடாவில் நீளும் இந்தத் தீவுக் கூட்டத்தை 1986-இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள்.

கைபேசியில் பவளப் படம் தேடிப் பாருங்கள். பச்சையும் ஆரஞ்சுமாகப் பளபளக்கும். மன்னார் வளைகுடாவில் பகலில் பார்த்தாலோ பெரும்பாலும் பழுப்பு! அந்தப் பளபளப்புப் படங்களில் பல, நீல விளக்குப் போட்ட கண்ணாடித் தொட்டியில் எடுத்தவை.

ஜவுளிக்கடையில் அம்மா சேலையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பார்கள், இல்லையா? ஒரு பொருள் தன்மேல் விழும் ஒளியில் எதைத் திருப்பி அனுப்புகிறதோ, அதுதான் நம் கண்ணுக்கு நிறம். தொட்டி விளக்கின் ஒளி நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். 6500 கெல்வின் என்றால் பகல் வெளிச்சம் மாதிரி வெள்ளை. 20000 என்றால் நீலம் தூக்கலாக இருக்கும். வெள்ளை விளக்கில் பவளம் பழுப்பாகவே தெரியும். நீலம் மட்டும் விழும்போது திருப்பி அனுப்பச் சிவப்போ பச்சையோ அந்த ஒளியில் இல்லை. ஆனாலும் பவளம் பச்சையாக ஒளிர்கிறதே, எப்படி?

வீட்டிலேயே பார்க்கலாம். தேங்காய் எண்ணெயில் மஞ்சள்தூள் கலக்கி, தூள் அடியில் படியும்வரை விடுங்கள். கடைகளில் கள்ளநோட்டு பார்க்கும் புறஊதா விளக்கை, பெரியவர்கள் துணையோடு, இருட்டில் அந்த எண்ணெய்மேல் காட்டுங்கள். விளக்கை நேராகப் பார்க்கக் கூடாது. எண்ணெய் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும், அணைத்ததும் நின்றுவிடும். மஞ்சளில் உள்ள குர்குமின் புறஊதா ஒளியை விழுங்கி வேறு நிறமாக வெளியிடுகிறது. பவளத்தின் உடலில் இதே வேலையைச் சில புரதங்கள் செய்கின்றன. இந்த வகைப் புரதத்தை முதன்முதலில் ஒரு ஜெல்லி மீனிலிருந்து பிரித்தெடுத்து 1962-இல் தெரிவித்தவர் ஒசாமு ஷிமோமுரா. 2008-இல் அவருக்கும் வேறு இருவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. வெள்ளை விளக்கிலும் பவளம் இப்படி ஒளிரத்தான் செய்கிறது. மற்ற வெளிச்சம் அதை மூழ்கடித்துவிடும்.

நீல விளக்கு வெறும் அலங்காரம் என்றும் சொல்லிவிட முடியாது. கடலில் பத்து மீட்டர் இறங்குவதற்குள் சிவப்பு ஒளி பெரும்பாலும் தீர்ந்துபோகும். நீலம்தான் ஆழத்துக்குப் போகும். ஆழத்துப் பவளத்துக்கு அதுவே பழகிய வெளிச்சம். அதற்காக நீங்கள் பவளத் தொட்டி வைக்க ஆசைப்பட வேண்டாம். கடலிலிருந்து பவளத்தை எடுப்பதும் விற்பதும் நம் நாட்டில் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஒருகாலத்தில் சுண்ணாம்புக்காக நம் கடலோரத்தில் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்தார்கள். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

எனக்குப் பகலில் தெரியும் அந்தப் பழுப்புதான் அழகு. பவளத்துக்குள் குடியிருக்கும் நுண்பாசிகளின் நிறம் அது. வெயிலில் உணவு சமைத்துப் பவளத்துக்கு ஊட்டுபவை அவை. கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பாசிகள் வெளியேறிவிடும், பவளம் வெளுத்துப்போகும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் அப்படி வெளுத்தது. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசிகள் மறுபடி குடியேறும். நீடித்தால் பவளம் பட்டினியில் செத்துப்போகும்.